வள்ளூர் வேலியிலிருந்து வாசல் தொட்டிக்கு

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் எண்ணூரைத் தாண்டியதும் வெளியே காட்சி மாறிவிடும். உப்பங்கழியும் மின்கோபுரங்களும் புகைபோக்கிகளும் தெரியும். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் கடந்து மீஞ்சூர் வருவதற்குள் வள்ளூர் பக்கம் வந்துவிடுவோம். 500 மெகாவாட் அலகுகள் மூன்று கொண்ட அனல்மின் நிலையம் இருப்பது இங்கேதான். பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கம் நெல்வயல்கள் பச்சை காட்டும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகத்தின் இரும்பு ஆலைகள் மறுபடி புகை காட்டும்.

இந்த வழி நெடுகத் தண்டவாள ஓரத்திலும், சீமைக் கருவேல் புதரிலும், ஆலைச் சுற்றுச்சுவரிலும் ஒரு கொடியைப் பார்க்கலாம். நான்கு பட்டைத் தண்டு, கணுவுக்குக் கணு ஒரு சுருள் பற்றுக்கம்பி, பெயருக்கு ஒன்றிரண்டு இலை. நம் பிரண்டைதான். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை. மாலையில் வேலை முடிந்து வருபவர்கள் துவையலுக்கு ஒரு கைப்பிடி ஒடித்துக்கொண்டு போவதும் உண்டு.

அங்கேதான் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'தானாக முளைத்தது, மருந்தடிக்காதது, அதனால் சுத்தமானது' என்று நாம் நினைக்கிறோம். பிரண்டை எங்கும் பிழைக்கும் என்பது உண்மை. அது பிழைத்திருப்பதாலேயே அந்த மண் நல்ல மண் ஆகிவிடாது.

பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி. ஆனால், பிழைக்கும் வழி கள்ளியின் வழி. சதைப்பற்றுள்ள தண்டில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும். தண்டிலுள்ள நுண்துளைகளைப் பகல் வெயிலில் மூடி, இரவில் திறந்து காற்றை வாங்கும். கடும் வறட்சியில் இலைகளையும் உதிர்த்துவிடும். அதனால்தான் மற்ற பயிர் வாடும் இடத்திலும் பச்சையாக நிற்கிறது. ஆலை ஓர மண்ணில் ஈயம் போன்ற கன உலோகம் கலந்திருந்தாலும் செடி வெளியே அதைக் காட்டிக்கொள்ளாமல் நிற்கலாம். மேலே படிந்த சாம்பலைக் கழுவலாம். வேர் வழியே உள்ளே போனதைக் கழுவ முடியாது. எனவே ஆலைச் சுவர், சாம்பல் கொட்டும் இடம், நெடுஞ்சாலை ஓரம், கழிவுநீர் ஓடை ஆகியவற்றின் பக்கத்தில் ஒடிக்காதீர்கள்.

அதற்காகத் துவையலை விட வேண்டியதில்லை. சிப்காட்டைச் சுற்றி வாடகை வரிசை வீட்டில் இருப்பவர்களும் வாசலில் ஒரு தொட்டி வைத்து இதை வளர்க்கலாம்.

தண்டை நல்ல இடத்திலிருந்து வாங்குங்கள். சொந்த ஊர்த் தோட்டத்துக் கொடியே போதும். இரண்டு மூன்று கணு உள்ள முற்றிய தண்டை வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் போடுங்கள். பச்சையாக நட்டால் அழுகும். பிறகு ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் அந்தக் கணுவில் வேர் பிடிக்கும். சதுரக்கள்ளியும் பார்வைக்குப் பட்டைத் தண்டாக இருக்கும். அதை ஒடித்தால் பால் வரும், முள்ளும் உண்டு. பிரண்டையில் பாலும் இல்லை, முள்ளும் இல்லை.

தொட்டிக்கு விரிசல் விட்ட தண்ணீர்க் குடமே போதும். அடியில் நான்கைந்து துளை போடுங்கள். ஆலைகளில் இருந்து மலிவாக வரும் ரசாயன கேன், டிரம் வேண்டவே வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். அந்த மண்ணும் ஆலை ஓரத்து மண்ணாக இருக்கக் கூடாது.

வெயில் நான்கைந்து மணி நேரமாவது விழ வேண்டும். வீட்டுக்குள் இருட்டில் வைத்தால் தண்டு மெலிந்து நீளும். ஜன்னல் கம்பியோ ஒரு கயிறோ இருந்தால் தானே பற்றி ஏறும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். கோடையில் வாரம் இரண்டு முறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். பிரண்டை வறட்சியில் சாவதைவிட நீர் தேங்கி அழுகிச் சாவதே அதிகம்.

தண்ணீரிலும் இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அதிகமாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து, பல கிணறுகள் உப்பாகிவிட்டன. அந்தத் தண்ணீரை ஊற்றிவந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும். அப்போது மழைநீரையோ நல்ல தண்ணீரையோ அடித்துளை வழியே வெளியேறும் அளவுக்கு இரண்டு மூன்று முறை ஊற்றி, உப்பை வெளியேற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீரும் நல்லதே. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளிக்கலாம்.

நான்கு மாதம் போல் படரவிட்டு, பிறகு நுனியில் இரண்டு மூன்று கணு மட்டும் இளசாக ஒடியுங்கள். ஒடித்த இடத்தில் புதுக் கிளை வரும். சாற்றில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் அரிப்பைத் தருகின்றன. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவையும் நாரையும் நீக்குங்கள். நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரையுங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு முறிந்தால் பிரண்டைப் பற்றோடு நிறுத்தாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

சொந்த நிலத்து வேலியில் இருக்கும் கொடி நல்லதா என்ற சந்தேகம் ஆலைக்கு அருகே நிலம் உள்ளவர்களுக்கு வரும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். மண், நீர் மாதிரி கொடுக்கும்போது 'உப்பு மட்டுமல்ல, கன உலோகமும் பார்க்க வேண்டும்' என்று தனியாகச் சொல்லுங்கள். வழக்கமான மண் பரிசோதனையில் அது வராது. எங்கே அந்தப் பரிசோதனை செய்யலாம் என்று வழி கேட்டு, முடிவு தெரியும்வரை வேலிக்கொடி வேலியிலேயே இருக்கட்டும். துவையலுக்கு வாசல் தொட்டிக்கொடி போதும்.