லாச்சப்பலில் இருந்து ஜெனோவாத் துறைமுகம் வரை

2024 ஜூலை 10, புதன். பாரிஸ், ரூ து ஃபொபூர் சேன்-தெனி.

அம்மாவைப் பலேர்மோவுக்குக் கூட்டிப்போவது என்று முடிவாகிவிட்டது. சின்னம்மா சிசிலியில் குடியேறிக் கனகாலம். அக்காவும் தங்கையும் அங்கே சேர்ந்து ஒரு திருவிழாவும் கண்டதில்லை. இந்த ஆண்டு பலேர்மோவின் காவல் புனிதர் சாந்தா ரோசலியாவுக்கு 400ஆவது பெருவிழா. 1624இல் கொள்ளைநோய் நகரத்தை வாட்டியபோது, மொன்தே பெல்லெக்ரீனோ மலைக்குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன, அவற்றை ஊர்வலமாக எடுத்துவந்த பிறகு நோய் நீங்கியது என்பது பலேர்மோ மக்களின் நம்பிக்கை. அந்த மலைக்கு நம் தமிழர்களும் ஏறுகிறார்கள், சைவர்கள் கத்தோலிக்கர்கள் என்ற வேறுபாடு இல்லாமல்.

போவது எப்படி என்பதுதான் கேள்வி. அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்து அதிக நாள் ஆகவில்லை. இப்போதைக்கு விமானம் வேண்டாம், காரில் போனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி நடத்துங்கள் என்றார் வைத்தியர். பாரிஸ்-மிலான் ரயில் 2023 ஆகஸ்ட் 27இல் மொரியென் பள்ளத்தாக்கில் மலை சரிந்து பாதையை மூடியதிலிருந்து ஓடவில்லை. ஆகவே மொன் பிளாங் சுரங்கம் வழியாக ஜெனோவா வரை கார், அங்கிருந்து கப்பல்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கார் பிடிப்பது சிரமமில்லை. மரக்கறிக் கடை வாசலில் கேட்டாலே நாலு பேருடைய நம்பர் கிடைக்கும். ஒருவர் பாதி விலைக்கு வந்தார். "காசாத் தாங்கோ அக்கா, துண்டு கிண்டு ஒண்டும் வேண்டாம்." நான் மறுத்துவிட்டேன். காசு வாங்கி ஆட்களை ஏற்றுவதைச் சாதாரணக் கார்க் காப்புறுதி ஏற்காது. விபத்து நடந்தால் அந்தப் பொடியனும் தெருவில், நாங்களும் தெருவில்.

கடைசியில் வேதேசே (VTC, சாரதியோடு வாடகைக் கார்) அனுமதி உள்ள தம்பி ஒருவர் கிடைத்தார். தொழில் அட்டை கண்ணாடியில் இருந்தது. ஆட்களை ஏற்றி ஓடுவதற்கான காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்காமலே எடுத்துக் காட்டினார். முன்பதிவுச் சீட்டில் பெயர், நேரம், இடம், விலை எல்லாம் எழுதித் தந்தார். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: அன்றிரவே திரும்பி ஓடக்கூடாது, ஜெனோவாவில் அறை என் செலவு. நம்முடைய பொடியள் வெள்ளி இரவு வேலை முடித்து, அப்படியே சுவிசுக்கோ ஜேர்மனிக்கோ கலியாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போய், தூங்காமல் திரும்பிவருகிறார்கள். அதைச் சாமர்த்தியம் என்று பேசுகிறோம். அது எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி.

விடிய நாலு மணிக்குப் புறப்பட்டோம். தெருவில் பாண் வண்டி மட்டும். அம்மாவின் மடியில் இடியப்பப் பெட்டி, கைப்பையில் அகதிகளுக்கான நீலநிறப் பயணப் பத்திரம். அதில் இலங்கையைத் தவிர எல்லா நாடுகளுக்கும் போகலாம்.

மாக்கோன் வரை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதன் பிறகு ஏ40 மலைக்குள் நுழைகிறது. நந்துவா ஏரிக்கு மேலே பாலமும் சுரங்கமும் மாறிமாறி வந்தன. பாஸிக்கு அருகே எக்ரா பாலம் அறுபது மீற்றருக்கும் உயர்ந்த தூண்களில் நிற்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தா. "பயப்பிடாதேங்கோ அம்மா, நான் மெதுவாத்தான் போறன்," என்றார் தம்பி. சொன்னபடியே போனார்.

மொன் பிளாங் சுரங்கத்துக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் கட்டணம். நீளம் 11.6 கிலோமீற்றர். வேகம் 70ஐத் தாண்டக்கூடாது, 50க்குக் கீழும் போகக்கூடாது, முன்வண்டிக்கும் நமக்கும் 150 மீற்றர் இடைவெளி வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் 1999 மார்ச் 24. மாவும் மாஜரினும் ஏற்றிவந்த லொறி ஒன்று நடுச்சுரங்கத்தில் தீப்பற்றி, 39 பேர் இறந்தார்கள். சுரங்கத்தின் காவல் பணியாளர் பியர்லூச்சோ தினாட்ஸி மோட்டார் சைக்கிளில் புகைக்குள் போனார், உயிரோடு திரும்பவில்லை. மூன்று ஆண்டுகள் மூடியிருந்து, 2002இல்தான் திறந்தார்கள். இப்போது 300 மீற்றருக்கு ஒரு பாதுகாப்பு அறை இருக்கிறது. அந்தக் கதவுகளை நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

வெளியே வந்தால் இத்தாலி. ஆனால் அவொஸ்தாப் பள்ளத்தாக்கில் அறிவிப்புப் பலகைகள் இன்னும் பிரெஞ்சிலும் இருந்தன. அங்கே அதுவும் ஆட்சிமொழி. யாரும் எங்களை மறிக்கவில்லை. "உன்ர மாமா 91இல வென்டிமிலியாப் பக்கத்தால இரவிரவா நடந்துதான் வந்தவன்," என்றா அம்மா. 1998 ஏப்ரலில்தான் இத்தாலியின் தரை எல்லைகளில் செங்கன் சோதனை நீங்கியது. அந்த வழியில் இன்றைக்கும் வேறு நாட்டுப் பிள்ளைகள் இரவில் நடக்கிறார்கள். மேலே உள்ள ஒரு பாதைக்கு மரணக் கணவாய் என்றே பெயர்.

சாந்தியா தாண்டி வெர்செல்லிப் பக்கம் வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தா. இரு புறமும் வரம்பு கட்டி, தண்ணீர் நிறுத்திய நெல்வயல், கண்ணுக்கு எட்டிய மட்டும். இத்தாலியின் நெல் களஞ்சியம் இந்தச் சமவெளிதான். பரந்தனில் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்தவ அம்மா. காரை நிறுத்தச் சொல்லி, தடியூன்றி வரப்போரம் போய்ப் பார்த்தா. "இன்னும் குடலைக்கு வரேல்லை. தண்ணி காணும்." அன்று முழுக்க அவ முகம் மலர்ந்தது அங்கேதான். வைத்தியர் சொன்ன நடைகளில் ஒன்றும் அங்கேயே முடிந்தது.

அதன் பிறகு அப்பெனைன் மலை, சுரங்கத்துக்கு மேல் சுரங்கம், வொல்த்ரியில் திடீரென்று கடல். நகருக்குள் போகும் வழியில் சான் ஜோர்ஜோ பாலம். 2018 ஆகஸ்ட் 14இல் மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்த இடத்தில், ஜெனோவாக்காரரான ரென்சோ பியானோ வடிவமைத்தது. தம்பி வேகத்தைக் குறைத்தார்.

பின்னேரம் துறைமுகம். தம்பியை அறையில் படுக்கச் சொல்லிவிட்டு நாங்கள் பலேர்மோக் கப்பலுக்கு வரிசையில் நின்றோம். இருபது மணித்தியாலப் பயணம்.

ஜூலை 19, வெள்ளி. பாரிஸ்.

பெருவிழா முடிந்து தம்பியின் காரிலேயே திரும்பும்போது பிரெஞ்சுப் பொலிஸ் மறித்தது. 2015 நவம்பருக்குப் பிறகு இந்த எல்லையில் பிரான்ஸ் சோதனையை விட்டதில்லை. இப்போது ஒலிம்பிக்கும் வருகிறது. அம்மாவின் பயணப் பத்திரம், வதிவிட அட்டை, தம்பியின் அனுமதி, முன்பதிவுச் சீட்டு எல்லாம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். துண்டில்லாத காரில் வந்திருந்தால் அந்த மலையோரத்தில் அம்மாவோடு நின்றிருப்பேன்.

பெருவிழா ஜூலையில் நடந்தாலும், ரோசலியாவின் திருநாள் செப்டெம்பர் 4. அதற்குக் காரில் போக நினைப்பவர்கள் கவனியுங்கள்: 2024 செப்டெம்பர் 2 முதல் டிசெம்பர் நடுப்பகுதி வரை மொன் பிளாங் சுரங்கம் பழுதுபார்ப்புக்காக மூடப்படுகிறது, பிரெஜுஸ் சுரங்கத்தால் போகலாம். அகதி விண்ணப்பச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் எல்லை தாண்டாதீர்கள், அது பயணத்துக்குச் செல்லாது. சாரதியின் அட்டையையும் காப்புறுதியையும் கேட்டுப் பாருங்கள். முதல்நாள் இரவு அவர் தூங்கினாரா என்றும் கேளுங்கள்.