யூனிட்டி பிளாசாவில் ஒரு சனிக்கிழமை

கொழும்புக்குச் சாமான் வாங்கப் போவதென்றால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது புறக்கோட்டைதான். துணிக்குக் கெய்சர் வீதி, நகைக்குச் செட்டியார் தெரு. கலியாண வீடென்றால் இரண்டு நாள் அங்கேயே கழிந்துவிடும். ஆனால் சகோதரிகளே, பம்பலப்பிட்டியில், காலி வீதியோரத்தில், யூனிட்டி பிளாசா என்றொரு கட்டடம் இருக்கிறது. மாடிக்கு மாடி சின்னச் சின்னக் கடைகள். எல்லாம் கம்பியூட்டரும் அதன் உதிரிப் பாகங்களும்தான். 'அது ஆண்பிள்ளைகள் போகிற இடம், நமக்கென்ன வேலை?' என்றுதான் நானும் வெகுகாலம் இருந்தேன். 2024 ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமையொன்றில் என் மகனோடு அங்கே போய்வந்த பிறகு, இதை உங்களிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று தோன்றியது.

ஏன் நானே போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில், 2021 இல், பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்காக ஒரு கடையில் கம்பியூட்டர் ஒன்று வாங்கினோம். விலை மலிவு, பார்வைக்கும் அழகு. அடுத்த ஆண்டு நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஒருநாள் இரவு கரண்ட் திரும்பி வந்த கையோடு அந்தப் பெட்டிக்குள் 'பட்' என்றொரு சத்தம். பிறகு கருகிய வாடை. உள்ளே இருந்த பவர் சப்ளை வெடித்து, மதர்போர்டையும் ஹாட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. எங்கள் வாப்பா மௌத்தாவதற்கு முன் வந்த கடைசிப் பெருநாளில் எடுத்த படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. திருத்துபவர் அந்தப் பவர் சப்ளையைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் ஆட்டிவிட்டு, "இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே, தாத்தா" என்றார்.

மகன் 2024 மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். 'கேம் விளையாடக்கூடிய கம்பியூட்டர் வேண்டும். பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டுவேன்' என்று ஒரே பிடிவாதம். டோஹாவிலிருந்து அவர், "விளையாட்டுப் பெட்டிக்கு மூன்று லட்சமா?" என்று தொலைபேசியில் சத்தமிட்டார். அதில் இரண்டு லட்சம் என் சீட்டுக் காசு, சமையலறைக் கூரைக்கென்று வைத்தது. கடைசியில் நான் ஒரு நிபந்தனை போட்டேன்: "வாங்குவோம், மகன். ஆனால் நானும் வருவேன். எனக்கு விளங்காத ஒரு சாமானுக்கும் காசு தரமாட்டேன்."

மாவனெல்லையில் விடியற்காலை பஸ் ஏறினோம். வரக்காபொலையைத் தாண்டினால் ரதாவடுன்னையில் பிரம்புக் கூடைகள், அடுத்துக் கஜுகமவில் வீதியோரப் பெண்களின் கஜுக் கடைகள், பிறகு நிட்டம்புவை, கடவத்தை, புறக்கோட்டை. அங்கிருந்து காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்களிலும் பம்பலப்பிட்டிக்குப் போகலாம். நாங்கள் கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் போனோம். கொள்ளுப்பிட்டி வரும்போது கடல் ஜன்னலுக்கே வந்துவிடுகிறது. பம்பலப்பிட்டி நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் மெஜஸ்டிக் சிட்டி, அதையடுத்து யூனிட்டி பிளாசா.

வழியெல்லாம் மகன் பாடம் நடத்தினான். நான் அதைச் சமையலறைக் கணக்கில் விளங்கிக்கொண்டேன். பிராஸஸர் என்பது சமைப்பவர். ரெம் என்பது வேலை செய்யும் மேசை. அகலமாக இருந்தால் பல சாமான்களை ஒரே நேரத்தில் பரப்பி வைக்கலாம். எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அறை. கிராபிக்ஸ் கார்ட் என்பது திரையில் தெரியும் படங்களை வரைந்து கொடுக்கும் தனி ஆள். விளையாட்டுக்கு உயிர் அதுதான். இவர்கள் எல்லோரையும் சேர்த்து இருத்தும் வீடு மதர்போர்ட். அத்தனை பேருக்கும் சோறு போடுவது பவர் சப்ளை.

முதல் கடை பெரியது, குளிரூட்டியது. நீலம், சிவப்பு, பச்சை என்று விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டியொன்றைக் காட்டி, "ஐ 7, ஆன்ட்டி. உள்ளதுக்குள்ளே உயர்ந்தது, முழு செட்டும் இரண்டு லட்சத்துக்குள்ளே தரலாம்" என்றார்கள். மகன் மெல்ல, "எத்தனையாம் தலைமுறை?" என்று கேட்டான். நாலாம் தலைமுறையாம். அதாவது 2013 இல் வந்த சரக்கு. வெளிநாட்டுக் காரியாலயங்கள் கழித்ததைப் புதுப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள். சகோதரிகளே, ஐ 7 என்ற பெயரில் மயங்கிவிட வேண்டாம். அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராஸஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10 க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

மேல்மாடியில் ஒரு சின்னக் கடை. மூக்குக் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "என்ன விளையாட்டு விளையாடப் போறீங்க, தம்பி? என்ன மொனிட்டர்?" என்றுதான் முதலில் கேட்டார். வியாபாரி நல்லவரா என்பதை அந்தக் கேள்வியிலேயே கண்டுகொள்ளலாம். தேவையைக் கேட்டுவிட்டுத்தான் பாகத்தைச் சொல்ல வேண்டும். சாதாரண 24 அங்குலத் திரைக்கு நடுத்தரக் கார்ட் போதும். அதற்கு மேலே கொடுக்கும் காசு, கோழிக்கறிக்குக் குங்குமப்பூ போட்டதுபோல.

அவர் எழுதித் தந்த பட்டியல் இது: ரைசன் 5 5600 பிராஸஸர், ஆறு கோர் உள்ளது, அதற்குப் பொருந்தும் பி 550 மதர்போர்ட், டி.டி.ஆர். 4 ரெம் எட்டு ஜீ.பீ. வீதம் இரண்டு துண்டு, ஒரு டீ.பீ. எஸ்.எஸ்.டி.; ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை, பெட்டி, மொனிட்டர். கார்டுக்கு மாத்திரம் மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கு.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரெம்மை ஏன் பதினாறாக ஒரே துண்டில் வாங்கக்கூடாது? இரண்டு துண்டாகப் போட்டால் இரண்டு பாதையில் தகவல் போகும், விளையாட்டில் வித்தியாசம் தெரியும் என்றார். மலிவான பழைய பி 450 மதர்போர்ட் போதாதா? போதும், ஆனால் அதன் உள்நிரல் புதுப்பிக்கப்பட்டிருக்காவிட்டால் இந்தப் பிராஸஸரை அது அடையாளம் காணாது, கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும் என்றார். விளங்கச் சொன்னதால் எனக்கு விளங்கியது.

சிக்கல் கிராபிக்ஸ் கார்டில் வந்தது. மகன் பக்கத்துக் கடையில் இதைவிட வலுவான கார்ட் ஒன்றை அதே விலைக்குக் கண்டுவிட்டான். பாவித்தது. எத்தனை நாள் வாரண்டி என்று கேட்டேன். ஒரு கிழமை. கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகமெங்கும் உண்டு. 2022 செப்டம்பர் 15 இல் எதீரியம் நாணயத்தின் முறை மாறியதோடு அந்தத் தோண்டுதலுக்கு வேலை இல்லாமல் போய், அப்படிப்பட்ட கார்டுகள் பழைய சாமான் சந்தையில் வந்து குவிந்தன. எல்லாம் கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தவுடன் நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தறிய எங்களால் முடியுமா?

அடுத்தது பவர் சப்ளை. விளக்குப் பெட்டியும் வேண்டும், அந்தக் கார்டும் வேண்டும் என்றால், பெயர் தெரியாத ஒரு பவர் சப்ளையோடு திருப்திப்பட வேண்டும் என்று கணக்கு வந்தது. மகன் அதற்கும் தயார். நான் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தேன். அதே பாரமின்மை! எனக்கு வாப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. "இதுக்கு நான் காசு தரமாட்டேன், மகன்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. கடைக்கார இளைஞர் தலையிடவில்லை. பட்டியலை மடித்துத் தந்து, "சாப்பிட்டுவிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்து சோறு சாப்பிட்டோம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று லட்ச ரூபாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் கோபத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பாரம் என்பது தாய்மாருக்குத் தெரியும். கூரைக் காசையும் கொடுத்து, பிள்ளையின் மனதையும் முறிப்பதா என்று ஒரு கணம் தளர்ந்தும் போனேன். தேநீர் வந்த பிறகு அவனாகவே, "உம்மா, லைட் பெட்டி வாணாம். பவர் சப்ளையை நல்லதா எடுப்போம். உம்முப்பாட போட்டோ போனது அதாலதானே" என்றான். பாவித்த கார்டைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவேயில்லை.

முன்பக்கம் வலை போட்ட, காற்றோட்டமுள்ள சாதாரணக் கறுப்புப் பெட்டியை எடுத்தோம். 550 வாட், '80 பிளஸ் புரோன்ஸ்' முத்திரையுள்ள பவர் சப்ளை, வாரண்டியோடு. கார்டுக்கு 132 வாட், பிராஸஸருக்கு 65 வாட். மற்றவற்றைச் சேர்த்தாலும் அது மூச்சுத் திணறாது. யூ.பி.எஸ். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 650 வீ.ஏ. என்று எழுதியிருந்தால் அது 650 வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட் அளவே தரும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் மொனிட்டர் என் மடியில், பெட்டி மகனின் காலடியில். கேகாலை வரை அவன் மதர்போர்டின் கைநூலை வாசித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் வேலை தொடங்கியது. மேசை விரிப்பை எடுத்துவிட்டோம். பாகங்களைத் தொடுமுன் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்க வேண்டுமாம். அந்தப் பிராஸஸரின் அடியில் 1331 ஊசிக் கால்கள். ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. பொருத்தும்போது அழுத்தவே கூடாது, தானாக விழ வேண்டும். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். ரெம்மை இரண்டாவது, நாலாவது இடங்களில் செருகினான். அஸருக்குத் தொடங்கிய வேலை இஷாவுக்கு முடிந்தது. சுவிட்சைப் போட்டோம். விசிறிகள் சுழன்றன. திரை மாத்திரம் இருட்டு.

அவன் முகம் வெளிறிப்போனது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கழற்றினான், பூட்டினான், மீண்டும் இருட்டுத்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் சின்னமகள் கைநூலை ஒரு மூலையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தவள், "நானா, இந்தப் பிராஸஸரில படம் வராது என்டு கடைக்காரர் சொன்னதாச் சொன்னீங்களே. வயரை ஏன் மேல உள்ள துளையில குத்தியிருக்கிறீங்க? கீழ, கார்டில அல்லவா குத்தணும்?" என்றாள். மாற்றிக் குத்தினான். திரை விழித்தது. அண்ணன் தங்கையைப் பார்த்த பார்வையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்த இரவிலேயே சில ஒழுங்குகள் செய்தோம். கம்பியூட்டர் அறைக்குள் அல்ல, ஹோலில்தான் இருக்கும். விளையாட்டுக்கு நேரம் குறித்துச் சுவரில் ஒட்டினோம். தங்கைக்கும் அதில் பங்குண்டு. இடி மின்னல் மாதங்களான ஒக்டோபர், நவம்பரில் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்தோம். நீங்களும் பாருங்கள்.

இன்றைக்கு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். 2025 இறுதியிலிருந்து உலகச் சந்தையில் ரெம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அதை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகவே என் கணக்கை உங்கள் கணக்காக வைக்காமல், குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். ரெம்மைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கார்டைப் பிறகு மாற்றலாம். பவர் சப்ளையில் மாத்திரம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எங்கள் சமையலறைக் கூரை அந்த வருட மழைக்கும் ஒழுகியது. சட்டி வைத்துச் சமாளித்தோம். மகன் விளையாடத்தான் செய்கிறான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியில் அவன் முதலில் செய்த வேலை விளையாட்டல்ல. சாச்சாமார், மாமிமார் எல்லோரின் போன்களிலும் தேடி, உம்முப்பாவின் படங்கள் பத்தொன்பதைச் சேர்த்தெடுத்தான். அவற்றைக் கம்பியூட்டரில் ஒரு பிரதி, தனி டிஸ்க்கில் ஒரு பிரதியாக வைத்திருக்கிறான். அந்த டிஸ்க் என் அலுமாரியில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.