அக்காவின் கோலநோட்டு



அக்காவின் (உங்களில் சிலருக்கு அத்தை, சிலருக்குப் பெரியம்மா) கோலநோட்டுகளைப் புத்தகமாக்கப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து என் வாட்ஸ்அப்பில் தினமும் கோலம்தான். பார்க்கப் பார்க்க மகிழ்ச்சி. ஆனால் வந்தவற்றில் பெரும்பாலானவை அச்சுக்கு ஆகாது. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கொஞ்சம் எண்களும் வரும்.

போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். செல்போனில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஏ4 தாள் நிறைய அச்சாக வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. அகலத்தில் 2480, உயரத்தில் 3508. சுருங்கி வரும் படத்தில் அவ்வளவு இருப்பதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஜேபெக். அது படத்தை 8க்கு 8 என்று சிறு கட்டங்களாக்கி, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைத் தள்ளிவிட்டுச் சேமிக்கிறது. முகம், மரம், வானம் என்றால் தெரியாது. கோலம் அப்படியா? வெள்ளைத் தாளில் மெல்லிய பேனாக் கோடு. மிகவும் சுருக்கிய ஜேபெக்கில் கோட்டைச் சுற்றிப் பொடி தூவியதுபோல் அழுக்குப் படியும். அக்காவின் 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளிக் கோலத்தில் மொத்தம் 169 புள்ளிகள் (கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்). எது புள்ளி, எது அழுக்கு என்று தெரியாவிட்டால் அதைப் பார்த்து யார் போட முடியும்?

"டிஃப்பாக மாற்றிவிட்டேன் மாமா" என்று ஒரு மருமகன் அதே படத்தை மறுபடி அனுப்பினான். தம்பி, ஜேபெக் தள்ளிவிட்டது பெயர் மாற்றினால் திரும்பாது. நோட்டிலிருந்தே மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்கேன் செய்யும் கடையில் இப்படிக் கேளுங்கள்: பேனாக் கோலம் என்றால் 600 டிபிஐ, டிஃப் அல்லது பிஎன்ஜி. கலர் பென்சில் கோலம் என்றால் 300 போதும், டிஃப். பிஎன்ஜியில் அச்சகத்தின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கே கிடையாது. எப்படியும் அக்காவின் கிளிப்பச்சை திரையில் தெரிகிற பளிச்சோடு தாளில் வராது; அதை பிரஸ்காரர் பார்த்துக்கொள்வார். ஒரு பக்கம் 26 எம்பி வந்தாலும் பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே போட்டோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும்.

நோட்டைப் பிரித்துத் தாளாக்காதீர்கள். ஓரம் ஏற்கெனவே உதிர்கிறது, மையும் வெளுத்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் இந்த அவசரம்.

மார்கழிக் கோலங்களுக்கு அக்கா தேதி போட்டு வைத்திருந்தாள். 18 முதல் 27 வரை இன்னும் என் கைக்கு வரவில்லை. நீல அட்டை நோட்டு யார் வீட்டில் இருக்கிறது?