கரிசல் காட்டுக் குழம்பும் காபூல் கத்தரியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே இங்கு ஏர் பூட்டுவர். கிணற்றில் நீருள்ள மாதங்களில் கத்தரியும் கொத்தவரையும் காய்த்துக் குலுங்கும்; கோடையிலோ பச்சைக் காய் அரிதாகிவிடும். ஆகவே மிகுந்த காயை அரிந்து, உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து, வெயிலில் உலர்த்திச் சேமித்து வைப்பது தாய்மார் வழக்கம்.

குமாரலிங்கபுரத்தில் ஒரு நண்பகலில் நாம் உண்டது அத்தகைய கத்தரி வற்றல் குழம்பே. நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் மிளகாய் வற்றலும் தாளித்து, புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்திருந்தனர். குழம்பு இலைக்கு வருமுன்னரே பெருங்காய மணம் திண்ணையை எட்டிற்று. “காயம் போடாத குழம்பும் ஒரு குழம்பா?” என்றார் பரிமாறிய மூதாட்டி.

அந்தப் பெருங்காயம் கரிசலில் விளைவதன்று. ஆப்கானிஸ்தான், ஈரான் முதலிய நாடுகளின் வறண்ட மலைச் சரிவுகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீற, வடியும் பால் இறுகிப் பிசினாகிறது. நம் நாட்டில் இதனைப் பயிரிடும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்து லாகௌல் பள்ளத்தாக்கில் தொடங்கிற்று. வியப்பு யாதெனில், ஆப்கானியர் தம் சமையலில் பெருங்காயத்தை அரிதாகவே சேர்ப்பர்.

அவர்தம் விருப்பக் கறிகளுள் ஒன்று ‘போரானி பாஞ்சான்’. கத்தரிக்காயை வில்லைகளாக அரிந்து எண்ணெயில் பொரித்து, தக்காளி, வெங்காயம், மஞ்சள், மல்லி, மிளகாய் சேர்த்துச் சிறு தீயில் வேகவிடுவர். பூண்டு கலந்த கெட்டித் தயிரைத் தட்டில் பரப்பி, அதன்மேல் கறியை அடுக்கி, உலர்ந்த புதினாவைத் தூவி, ரொட்டியுடன் உண்பர். பனி மூடும் மாதங்களை எண்ணி, அவர்களும் கோடையிலேயே காய்களை உலர்த்தி வைப்பர். இங்கே வறட்சி கற்பித்ததை அங்கே பனி கற்பித்தது.

‘பாஞ்சான்’ என்னும் பெயரும் நமக்கு அந்நியமன்று. பழந்தமிழர் வழுதுணங்காய் என்ற கத்தரியை வடமொழி ‘வாதிங்கண’ என்றது. அது பாரசீகத்தில் ‘பாதிங்கான்’ ஆகி, அரபு நாட்டார் வழியே போர்ச்சுக்கலை அடைந்து, ‘பிரிஞ்சால்’ என்று நம்மிடமே திரும்பிற்று. நம் கத்தரி அவர் சட்டிக்குச் சென்றது; அவர் மலைப் பிசின் நம் குழம்புக்கு வந்தது.

1979 முதல் போர்களால் வீடிழந்த ஆப்கானியர் எண்ணற்றோர். அவர்களுள் சிலர் தில்லி லாஜ்பத் நகரில் குடியேறி, தம் ஊர்ச் சமையலையே பிழைப்பாகக் கொண்டனர். நாளேடுகளில் அந்நாட்டின் பெயரைக் காணுங்கால் துப்பாக்கியே நம் நினைவுக்கு வருகின்றது. இனி நம் அஞ்சறைப் பெட்டியும் நினைவுக்கு வரட்டும். அம்மலைகளில் வேரைக் கீறும் ஏழை உழவன் நாள்தோறும் நம் அடுக்களைக்கு உதவுகிறான். நம் உள்ளத்திலும் அவனுக்கு இடம் வேண்டும்.