ஆயாம்மா என்றொரு ஆசிரியர்

சிறப்பாசிரியர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே ஆயாம்மாக்களிடம் வந்துவிடும். “எல்லாத்தையும் அவங்களே செஞ்சுடறாங்க, பிள்ளை எப்பக் கத்துக்கும்?” புகார் பொய்யில்லை. தாம்பரம் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியில், மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பையனின் ஐ.இ.பி.யில், அதாவது தனிநபர் கல்வித் திட்டத்தில், ‘தானே கரண்டி பிடித்து ஐந்து வாய் உண்பது’ என்று எழுதியிருக்கிறேன். அக்காவோ பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

“மிஸ், அவன் அஞ்சு வாய் சாப்பிட இருபது நிமிஷம். லன்ச்சே நாப்பது நிமிஷம்தான். மத்த அஞ்சு புள்ளைங்களும் பசியோட உக்காந்திருக்கும்.”

இந்தக் கணக்குக்கு பி.எட்.டில் பாடம் கிடையாது. பத்தரை மணி இடைவேளையில் வாழைப்பழத்தை நறுக்கி வைத்து அவனைப் பழக்கலாம், மதியம் ஊட்டிவிடலாம் என்று வழி சொன்னதும் அவர்தான். வலிப்பு வருமுன் அவன் இடது கை விரல்கள் மடங்குவதை முதலில் கவனித்தவரும் அவர்தான். பெரிய பெண்களுக்கு நாப்கின் மாற்றப் பழக்குவதும் அவர். இதெல்லாம் கற்பித்தல் இல்லையென்றால் வேறென்ன?

என் பெயர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறது. பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைகூட உண்டு. பொதுப் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு ஆயாம்மா? எங்கள் பள்ளியில் யாரும் கேட்டதில்லை. நாங்களும் பெண்கள், அவர்களும் பெண்கள். ஆனால் டீ வரும்போது எங்களுக்குப் பீங்கான் கோப்பை, அவர்களுக்கு எவர்சில்வர் தம்ளர். மலம் கழுவும் கை எந்தத் தெருவிலிருந்து வரவேண்டும் என்பதிலும் யாருக்கும் குழப்பம் இருப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வல்லுநர்களோடு உதவிப் பணியாளர்களுக்கும் பயிற்சி தரச் சொல்கிறது. பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமே முட்டுக்காட்டில், பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. அக்காவை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன்.

“அவங்க போயிட்டா பாத்ரூமுக்கு யார் கூட்டிட்டுப் போறது?”

“அந்த ஒரு வாரம் நாங்க டீச்சர்ஸ் முறை வச்சுப் பாத்துக்கறோம்” என்றேன்.

பக்கத்து நாற்காலிகளிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.