தரித்து நிற்கும் வாகனமும் ஒருவரின் பிழைப்புத்தான்

புத்தளத்தில் இருந்து கொழும்பு வீதியில் வந்து பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டிக்குப் போகலாம். உப்பளங்கள், வெங்காயத் தோட்டங்கள், நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி எல்லாவற்றையும் தாண்டினால், கடலோரத்தில் தலவில புனித அன்னாள் தேவாலயம் தெரியும். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நடக்கும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும், பிற மதத்தவரும்கூடத் திரளாக வருகிறார்கள். கூடாரம் அடித்து நாட்கணக்கில் தங்குவோரும் உண்டு.

நான் போயிருந்த ஓர் ஆகஸ்ட் திருவிழாவில், மரநிழல் எங்கும் பஸ், வான், முச்சக்கர வண்டிகள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் ஓடிவந்தார். முச்சக்கர வண்டிக்காரத் தம்பி உடனே புறப்பட்டார். ஆனால் வழி இல்லை. குறுக்கே ஒரு வான் நின்றது. அதன் சாரதியைத் தேடிப் பிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. "பூசைக்குத்தானே போனேன்" என்றார் அவர். அந்தத் தாயும் பூசைக்கு வந்தவர்தானே!

அதே தம்பியின் வண்டிக் கண்ணாடியில் யாரோ ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பின்னால் ஏறி விளையாடினார்கள். "அக்கா, லீசிங் காசு கட்டி முடிய இன்னும் இரண்டு வருசம் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். நம் நாட்டில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. 2022 நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலையும் எகிறியது. நமக்குச் சிறு கீறல், அவருக்குப் பல நாள் உழைப்பு. உப்புக் காற்றில் கீறிய இடம் விரைவில் துருப்பிடிக்கும். மணல் படிந்த வண்டியில் சாய்ந்தாலே வர்ணம் உரசிப் போகும்.

தெற்கே உடப்புக் கரையில் இன்னொரு பாடம். அங்கு கரைவலையின் கயிற்றைப் பலர் சேர்ந்து மணலில் நின்று இழுப்பார்கள். குளிக்க வருவோர் அந்த இடத்தில் காரை நிறுத்தினால், தொழிலே தடைப்படும். அந்த மணல் நமக்கு உல்லாசம், அவர்களுக்கு வேலைத்தலம்.

"நாங்கள் வாகனம் ஓட்டுவதில்லையே" என்று சொல்லாதீர்கள், சகோதரிகளே. கதவைத் திறப்பதும், பிள்ளைகளை இறக்குவதும், துணி காயப் போடுவதும் பெரும்பாலும் நாம்தான். ஆகவே,

• பக்கத்து வண்டியில் இடிக்காமல், கதவைக் கையால் பிடித்துத் திறவுங்கள்.

• பிறர் வண்டியில் ஏறவோ சாயவோ பிள்ளைகளை விடாதீர்கள்.

• வெளியேறும் வழியை மறிக்க வேண்டாம் என்று சாரதியிடம் முன்பே சொல்லுங்கள்.

• தொலைபேசி இலக்கத்தை எழுதி முன்கண்ணாடியில் வையுங்கள்.

• தவறிக் கீறிவிட்டால், உரியவர் வரும்வரை நில்லுங்கள்.

அடுத்த பயணத்துக்குச் சோற்றுப் பொதி கட்டும்போதே, பிள்ளைகளுக்கு இவற்றையும் சொல்லிவையுங்கள்.