நந்தி திரும்பிய ஊரும் நந்தியை விட்ட ஊரும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த வட திருமுல்லைவாயிலுக்கு முதன்முறை வருவோர் நந்தியெம்பெருமானைக் கண்டு சற்றே திகைப்பர். எங்கும் இறைவனை நோக்கியே அமர்ந்திருப்பவர், இங்கு மாசிலாமணியீசருக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கியிருக்கிறார். குறும்பரோடு போரிட வந்த தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி பிணித்ததும், அதை வாளால் வெட்டியபோது குருதி பெருகி இலிங்கத் திருமேனி வெளிப்பட்டதும், மன்னனுக்குத் துணையாகப் பெருமான் நந்தியை அனுப்பியதும் தலபுராணம். வெட்டுண்ட திருமேனி குளிரவே சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தையொட்டி மட்டுமே அது களையப்பெறும்.

நந்தி பெருமானைப் பிரிந்த ஊர் வடக்கிலும் ஒன்றுண்டு. அமரநாத் குகையில் அன்னைக்கு அமரகதை உரைக்கச் சென்ற ஈசன், வழியில் நந்தியை விட்டுச்சென்ற இடம் பஹல்காம் என்பர். அப்பால் சந்தன்வாரியில் பிறையையும், சேஷநாக் ஏரியில் அரவத்தையும் நீக்கினாராம். பஹல்காம் கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் உள்ளது. 2025 ஏப்ரலில் அங்குக் குருதி சிந்தியதை நாடே அறியும்.

அவ்வூரின் கடுங்குளிரை எனக்குக் காட்டியது, வியப்பாக இருக்கலாம், ஒரு திரைப்படக் குழு. 2023 ஜனவரி இறுதியில் சென்னையிலிருந்து தனி விமானத்தில் புறப்பட்ட ‘லியோ’ படக்குழுவினர், மார்ச் வரை காஷ்மீரில் தங்கிப் பணியாற்றினர். படம் வெட்டும் குத்துமானது; நம் வயதினருக்கு உவப்பானதன்று. கதையிலும் அது இமாசலத்து ஊராகவே வருகிறது. ஆனால் அங்கு உழைத்த தொழிலாளர்களைப் பற்றித் தயாரிப்பு நிறுவனம் வெளியிட்ட சிறு படத்தை, என் பேரன் காட்டியபோது இருமுறை பார்த்தேன்.

சென்னையின் வெயிலில் பழகிய உடம்பு உறைநிலைக்குக் கீழே எப்படி வேலை செய்யும்? அத்தகைய குளிரில் படக்கருவியின் மின்கலம் விரைவில் வலுவிழக்கும். அதை உடையினுள் வைத்துச் சூடு காப்பர். வெளியே குளிர்ந்த கருவியை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் படியும். பனியில் ஒருவர் கால் பதித்துவிட்டால் அக்காட்சியை அதே இடத்தில் மீண்டும் எடுக்க இயலாது. அவ்வுயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் சோறு வேகவும் நேரமாகும். திரையில் முகம் காட்டுபவர் சிலரே. விளக்கைத் தூக்கியவரும் உலை வைத்தவரும் அதன் பின்னே நின்றவர்கள். இங்கே சந்நிதியை விட்டு முகம் திருப்பிப் பணிக்குக் கிளம்பிய நந்தியின் நினைவே எனக்கு வந்தது. மார்ச் 21 இரவு அங்கு நில அதிர்ச்சி உணரப்பட்டபோது, தாங்கள் நலம் என அவர்கள் வேடிக்கையாகச் செய்தி அனுப்பியதும் பின்னர் தெரிந்தது.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அமரநாத் யாத்திரைக்கு எழுபதைக் கடந்தோரை இப்போது பதிவு செய்வதில்லை. ஏறத்தாழ 12,700 அடி உயரத்தில் மூச்சுத் திணறும் என்பதால் அவ்விதி நியாயமானதே. ஆயினும் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் பிறர் பட்ட குளிரை அத்தனை ஆவலோடு பார்த்தேன் போலும்.

பஹல்காம் வரை செல்ல அத்தடை இல்லை. ஸ்ரீநகரிலிருந்து சாலைவழி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். அங்கே மாமலேசுவரர் ஆலயம், ஊற்றுநீர்த் தொட்டியும் நந்தியுமாகச் சிறிய கற்கோயிலாக நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மன்னன் ஜயசிம்மன் அதற்குப் பொற்கலசம் சாத்தினான் என்பர். விநாயகர் வாயில் காத்து, ‘செல்லாதே’ எனத் தடுத்த இடமென்றே அவ்வூரார் பெயர்க்காரணம் கூறுகின்றனர். செல்வோர் பனி உருகிய மே, ஜூன் மாதங்களில் செல்வது நலம். கம்பளியும், மருத்துவரின் அனுமதியும் உடனிருக்கட்டும்.